ஜக்கம்மாள் விட்டுக்கொடுக்காத இரண்டணா

சுருளிவேலுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் ஸ்டோரில் வருஷக்கணக்காக எடை போட்டவர் அவர். அவருக்குத் தெரிந்தது ஸ்டோர் கணக்கு, பரீட்சையில் கேட்டது வேறு கணக்கு. அவ்வளவுதான் விஷயம்.

ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையைத் தராசில் வைத்து எடையை உரக்கச் சொல்வார்கள். பிறகு ஈரத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு, தூசிக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். எத்தனை கழிவு வந்தாலும் எல்லாம் அந்த முதல் எடையின் மேல்தான். ஆகவே கழிவுகளைக் கூட்டி ஒரே வெட்டாக வெட்டிவிடலாம். சுருளிவேல் அதில் புலி.

ஆனால் மலைக்காய்ச்சல் அவரை விடவில்லை. போன மழைக்காலத்தில் நாலு பேர் கம்பளியில் தூளி கட்டித்தான் அவரைக் கீழே இறக்கினார்கள். இன்னொரு மழைக்கு மேலே இருந்தால் ஆள் தேறாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மலைக்குக் கீழே சிலமலை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்குச் சர்க்கார் பரீட்சை தேற வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் கணக்கில் தோற்றிருந்தார். இந்தத் தடவையும் தோற்றால் மழைக்கு முன்னால் மறுபடி மலையேற வேண்டியதுதான். அவர் மனைவி ஜக்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

பரீட்சை பெரியகுளத்தில் நடந்தது. 'நூறு ரூபாய்ச் சரக்குக்கு நூற்றுக்கு இருபது தள்ளுபடி. ரொக்கம் கொடுத்தால் மேலும் நூற்றுக்குப் பத்து. ரொக்க விலை என்ன?' இதென்ன பிரமாதம்! இருபதையும் பத்தையும் கூட்டி, எழுபது ரூபாய் என்று எழுதிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். பிறகுதான் ரொக்கம் என்ற அந்தச் சொல் உறுத்தியது. பொங்கலுக்கு முன் போடிச் சந்தையில் நடந்த சண்டை ஞாபகம் வந்தது.

அன்று ஜக்கம்மாள் நாலு ரூபாய்ச் சேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரூவாய்க்கு நாலணான்னா நாலு ரூவாய்க்குப் பதினாறணா, ஒரு ரூவா தள்ளி மூணு ரூவா. ரொக்கமாக் குடுத்தா ரூவாய்க்கு இன்னும் ரெண்டணா தள்ளுபடி. மூணு ரூவாய்க்கு ஆறணா போக, ரெண்டு ரூவா பத்தணா குடுங்க ஆத்தா" என்றார் ஜவுளிக்காரர்.

"நாலு ரூவாய்க்கு எட்டணால்ல தள்ளணும்? ரெண்டரை ரூவாதான் தருவேன். எங்க வீட்டுக்காரரு ஸ்டோர்ல எடை போடுறவரு. எங்ககிட்டயேவா?"

"நாலுதான் அப்பவே மூணாயிருச்சே ஆத்தா! இல்லாத ரூவாய்க்கு எப்பிடித் தள்ளுறது?"

சுருளிவேலும் சேர்ந்துகொண்டு அந்த மனுசனைப் பகல்கொள்ளைக்காரன் என்று திட்டினார். சேலை வாங்காமலே இருவரும் திரும்பினார்கள்.

இப்போது பரீட்சை பெஞ்சில் அந்தக் கேள்வியை மறுபடி படித்தார். கேள்வி போட்ட மகராசன் மலையேறி இருக்கமாட்டான், ஜவுளிக்கடைக்குக் கட்டாயம் போயிருப்பான். எழுபதை அடித்தார். இருபது போனால் எண்பது, எண்பதுக்கு நூற்றுக்குப் பத்து என்றால் எட்டு. எழுபத்திரண்டு. மற்ற தள்ளுபடிக் கணக்குகளையும் அப்படியே திருத்தி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

தேறிவிட்டார். முடிவு தெரிந்த அன்று நேரே அந்த ஜவுளிக்காரரிடம் போய், பேரம் பேசாமல் ரொக்கம் கொடுத்து அதே சேலையை வாங்கிவந்தார்.

"என்ன விலைக்குக் குடுத்தான்?" என்றாள் ஜக்கம்மாள்.

"ரெண்டு ரூவா பத்தணா."

"ரெண்டணாவ ஏமாந்துட்டு வந்து நிக்கிறீகளே!"

"பாஸாயிட்டேன் புள்ள. மலைச் சோலி முடிஞ்சுபோச்சு."

சேலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அந்த வருஷம் முதல் மழை மலையில் இறங்கிய அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்டாள்.