நான் குலுக்கிய போத்தல்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நாங்கள் ரைன் நதிக்கரையில் ஒரு ஜெர்மன் நகரத்தில், அகதி விண்ணப்பத்துக்கு இன்று பதில் வரும், நாளை வரும் என்று காத்திருந்தோம். பதில் வரும்வரை அப்பா வேலை செய்யக்கூடாது, நாட்டின் எல்லையைத் தாண்டவும் கூடாது. அப்பா இரண்டையும் ஒரே சைக்கிளில் செய்தார். காலையில் பாலத்தைக் கடந்து பிரான்சுக்குப் போய், நுரை வைன் தயாரிக்கும் ஒரு சின்னக் குடும்பத்தின் நிலவறையில் வேலை பார்த்தார்.

அங்கே போத்தல்கள் ஓட்டைப் பலகைகளில் தலைகீழாகச் செருகியிருக்கும். அடியில் கிடக்கும் மண்டி கழுத்துக்கு இறங்குவதற்காக ஒவ்வொன்றையும் தினமும் கொஞ்சம் திருப்பவேண்டும். உள்ளே காற்று முட்டி நிற்பதால் சிலது தானாக வெடிக்கும். முதலாளிக்குக் கம்பிவலை முகமூடி இருந்தது. அப்பாவுக்கு இல்லை.

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், முடிந்த கிழமை ஒரு போத்தல் வெடித்தது. முதலாளி அப்பாவின் முகத்தில் துவாயைச் சுற்றி, காரில் ஏற்றி, பாலத்துக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் அவ்வளவு தூரம் வந்ததை அப்பா பிறகும் நன்றியோடுதான் சொல்வார்.

எங்கள் வீட்டில் ஜெர்மன் தெரிந்தது ஒன்பது வயதான எனக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அம்மா என் காதோடு சொன்னாள்.

"வீட்டிலை சோடாப் போத்தல் வெடிச்சது எண்டு சொல்லு பிள்ளை. பிரான்ஸ் எண்டு வாய் திறந்தியெண்டால் எங்களைப் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்."

அப்படியே சொன்னேன். டாக்டர் அப்பாவின் கண்ணிலிருந்து எடுத்த தடித்த பச்சைக் கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் பிடித்து, இது சோடாப் போத்தலா என்று கேட்டார். நத்தாருக்கு வாங்கிய நுரை வைன், நான்தான் விளையாட்டுக்குக் குலுக்கினேன் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அது மட்டும் பொய்யில்லை.

டாக்டர் என் தலையைத் தடவினார். பிறகு, அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியாது, அப்பாவிடம் சொல் என்றார்.

"அப்பா, அந்தக் கண் இனித் தெரியாதாம்."

"ஓம்," என்றார் அப்பா. "பிரான்சைப் பற்றிக் கேட்டவரோ?"

"இல்லை."

"கெட்டிக்காரி."

விசா கிடைக்க ஆறு வருடம் ஆனது. அதன் பிறகுதான் அப்பா துணிந்து அந்த வைன்காரரிடம் நியாயம் கேட்கப் போனார். முதலாளி அத்தாட்சி கேட்டார். அப்பாவிடம் இருந்தது ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றுதான். மகள் வீட்டில் போத்தலைக் குலுக்கியதால் வந்த காயம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. முதலாளி அதை வாசித்துவிட்டு மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாராம். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் காகிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். ஜெர்மன்காரர்கள் எப்போதும் பிழையாகத்தான் எழுதுவார்கள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.