அக்காவின் தட்டில் விழாத ஈரல்

கறிக்கடை பாய் தனியாக ஒரு பையில் போட்டு நீட்டிய சுவரொட்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆட்டின் மண்ணீரல் அது. கருஞ்சிவப்பாக, கழுவக் கழுவ ரத்தம் விடும். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை அதற்குப் போட்டி அதிகம். “அக்காவுக்கு ரத்தம் கம்மின்னு சொன்னியேம்மா, அதான் எடுத்து வச்சேன்” என்பார் பாய். அவருக்கு இருந்த அக்கறையில் பாதி அக்காவின் வீட்டுக்காரருக்கு இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அக்காவும் நானும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்தோம். அவள் தையல் மிஷினில், நான் செக்கிங்கில். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு மாதாமாதம் உதிரப்போக்கு அதிகமானது. நகங்கள் வெளுத்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் தெளிவாகச் சொன்னார்: “வாரத்துல ஒரு நாள் ஈரலோ சுவரொட்டியோ நல்லா வேகவச்சு சாப்பிடு. தினமும் வேணாம், அதுவும் ஆகாது. இரும்புச்சத்து மாத்திரைய மட்டும் விட்டுடாத.” தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த மாமாவுக்கோ யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கும் வியாதி. ஈரல், சுவரொட்டி, கிட்னி எதையும் தொடக் கூடாது என்று அவருடைய டாக்டர் சொல்லியிருந்தார். ஒரே சட்டியில் இருப்பது ஒருத்திக்கு மருந்து, ஒருவருக்கு வேதனை. இதைப் பங்கு பிரிக்கப் படிப்பா வேண்டும்? ஆனால் தின்றது மாமாதான்.

அவர் முதலில் உட்காருவார். அக்கா மிளகு போட்டு வறுத்ததை வழித்து அவர் தட்டில் வைப்பாள். திங்கட்கிழமை விடிந்தால் விரல் சிவந்து, போர்வை பட்டாலே அலறுவார். ஈரத்துணி சுற்றிவிட்டு, தான் வெறும் வயிற்றோடு கம்பெனி வேனுக்கு ஓடுவாள் அக்கா. “நீ ஏன் தின்ன மாட்டேங்கிற?” என்று ஒருமுறை கத்தினேன். “அவரு பாத்துக்கினு இருக்கும்போது எனக்கு எப்படிடி தொண்டைல எறங்கும்?” என்றாள்.

ஒரு நாள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். சொன்னதையெல்லாம் சாப்பிட்டாயா என்று டாக்டரம்மா கேட்க, “சாப்பிட்டேன் மேடம்” என்று பொய் சொன்னாள். என்னால் பொறுக்க முடியவில்லை. கட்டில் பக்கத்தில் நின்ற மாமாவைக் காட்டி, “எல்லாத்தையும் இவரு தின்னாரு மேடம், தின்னக் கூடாதுன்னு தெரிஞ்சே” என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னேன். மாமா நிதானமாகச் சொன்னார்: “நான் இன்னா புடுங்கியா தின்னேன்? அவ வச்சா, தின்னேன்.” எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த வார்த்தை எனக்கு ஆறவில்லை. அக்காவோ கோபித்துக்கொண்டது என்னிடம். “நாலு பேர் முன்னாடி அவர அசிங்கப்படுத்திட்ட” என்று ஒரு மாதம் பேசவில்லை.

பேசாவிட்டால் போகட்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நானே ஈரல் வறுத்து டிபன் பாக்ஸில் கொண்டுபோனேன். கேன்டீனில் அவள் எதிரே உட்கார்ந்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு திருடியதைத் தின்பவள் மாதிரி தின்றாள். அதோடு மாத்திரையும், உதிரப்போக்குக்கு வைத்தியமும் சேர்ந்துதான் மெல்லத் தேறினாள்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் செல்போன் வீடியோவில் ஈரல் அமிர்தம் என்கிறான் ஒருவன், விஷம் என்கிறான் இன்னொருவன். அது யார் தட்டில் விழுகிறது என்று ஒருவனும் கேட்பதில்லை. அக்காவின் மருமகள் பிள்ளை பெற்று ஆறு மாதம். அவளுக்கும் ரத்தம் குறைவென்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. அக்கா ஈரல் முழுவதையும் மகன் தட்டில் கொட்டினாள். “அவன் ஷிப்டுக்குப் போறான்டி” என்றாள் என்னைப் பார்க்காமல். மருமகளும் அடுத்த வாரத்திலிருந்து அதே ஷிப்டுக்குத்தான் போகிறாள்.

எழுந்து போய் அவன் தட்டிலிருந்து எடுத்து மருமகள் தட்டில் வைத்தேன். அவன் தலை நிமிரவில்லை. அக்காவின் முகம் கறுத்தது. அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எல்லோர் முன்னாலும், அவசரமில்லாமல் மென்று தின்றாள்.