ஆறு பேர் இருந்த இடத்தில் எட்டுப் பேர்

தெருவில் அவளுக்கு வைரக்காரி என்று பெயர். தினமும் இரண்டு வைரத்தைக் கையில் எடுத்து, மாலையில் அங்கேயே வைத்துவிட்டு வருகிற வேலை. காதில் கிடப்பதென்னவோ கவரிங் தோடு.

ஆய்வுக்கூடத்தில் அந்த வைரங்களை மூக்கோடு மூக்கு முட்ட வைப்பாள். நடுவே ஒரு தகடு. தகட்டில் மயிரிழை நுழைகிற துளை. துளைக்குள் பொட்டாசியம் ஹைட்ரைடு என்று ஒரு வெள்ளைப் பொடி. ஈரக்காற்று பட்டால் அது கெட்டுப்போகும். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டுத்தான் தொட வேண்டும். பெற்ற பிள்ளைகளைக்கூட இவள் இப்படித் தாங்கியதில்லை என்பாள் மாமியார். பிறகு வைரங்களுக்கு நடுவே பொடி அமுங்க, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். அவசரப்பட்டால் வைரம் உடையும்.

வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு மேஜை. கூடத்து ஜன்னலோரம் அதில் அமுக்கிய பொடியின் எக்ஸ்-கதிர்ப் படங்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த நாலு முழ இடம் அவள் ராஜ்ஜியம்.

பொடி ஒருநாள் மசிந்தது. படத்து வளையங்கள் இடம் மாறின. அன்று சாப்பிடும்போது அவளால் வாயைக் கட்ட முடியவில்லை.

"அத்தை, ஒவ்வொரு பொட்டாசியத்தையும் சுத்தி ஆறு ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கும். அமுக்கிக்கிட்டே போனா, டக்குன்னு இடம் மாறி எட்டா உட்கார்ந்துடும். முன்னைவிட இடமும் கம்மியாத்தான் பிடிக்கும்!"

"எட்டா?" என்றாள் மாமியார். அவ்வளவுதான் கேட்டாள். அதை எங்கே முடிந்துவைத்தாள் என்பது மறுமாதம்தான் தெரிந்தது.

நாத்தனார் புருஷனுக்கு வேலை போயிற்று. இருவரும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். அந்த இரண்டு அறை வீட்டில் அவள், புருஷன், மாமனார், மாமியார், பிள்ளைகள் இரண்டு என்று ஏற்கெனவே ஆறு பேர்.

"இடம் எங்க அத்தை இருக்கு?"

"நீதானேம்மா சொன்னே? அமுக்கினா வரும்."

அமுக்கினார்கள். மேஜை குளியலறை வாசலுக்குப் போயிற்று. அதன்மேல் சோப்பு ஏறியது, ஈரத்துண்டு ஏறியது. பொடிக்குக் கண்ணாடிப் பெட்டி உண்டு; படங்களுக்கு யார் தருவார்கள்?

பிறகு நாத்தனார் புருஷனுக்கு வேறு வேலை கிடைத்தது. கிடைத்தும் கிளம்பக் காணோம்.

"திருகைத் தளர்த்தினா பழையபடி ஆறாயிடும்னியே?" என்று புருஷன் காதைக் கடித்தான்.

"ஆகும். ஆனா எட்டா ஏறின அழுத்தத்துலயே இறங்காது. அதுக்கும் கீழே நல்லாத் தளரணும்."

"இன்னும் எவ்வளவு?"

"உங்க தங்கச்சியைக் கேளுங்க."

நன்றாகவே தளர்ந்தது. வேலை கொடுத்தவர்கள் வீடும் கொடுத்தார்கள். மாமியார் வாசல்வரை போய் அழுது வழியனுப்பினாள். அழுத கண்ணோடு உள்ளே வந்து, தன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

"அத்தை, அது மேஜை இருந்த இடம். மறுபடி ஆறு பேர் ஆயிட்டோம். எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பணும்."

"உன் பொடி திரும்பட்டும். நான் என்ன பொடியா? இங்க காத்து நல்லா வருது."

"அம்மா லித்தியம் ரகம்," என்றான் புருஷன். லித்தியம் ஹைட்ரைடையும் அவள் ஆய்வுக்கூடத்தில் அமுக்கிப் பார்த்தாயிற்று. வைரம் உடைந்ததுதான் மிச்சம். ஆறு ஆறாகவே நின்றது.

"யாருடா அது? நல்ல குடும்பத்துப் பொண்ணா இருக்கும்போல," என்று மாமியார் புரண்டு படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வைரக்காரி மேஜையைத் துடைத்தாள். கூடத்துக்கு இழுத்துவந்து கட்டிலோடு ஒட்ட நெருக்கிப் போட்டாள்.

"கால் நீட்ட இடமில்லையேம்மா!"

"அமுக்கினா வரும் அத்தை."

மாமியார் முறைத்தாள். முறைத்தபடியே இரண்டு காலையும் தூக்கி மேஜைமேல் நீட்டினாள். இவள் அந்தக் கால்களைச் சுற்றிலும் படங்களை விரித்து வேலையை ஆரம்பித்தாள். வெகுநேரம் கழித்துக் கால்கள் மடங்கின. டக்கென்று அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக.

மாமியாரின் மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் மேஜை மூலையிலேயே தங்கிவிட்டது. அதையும் எடுங்கள் என்று சொல்ல இவளுக்கு நாக்குத் துடித்தது. சொல்லவில்லை. அவசரப்பட்டால் என்ன உடையும் என்று தெரிந்தவள் அல்லவா.