பண்டான் இலை வாசத்தோடு கோலசிலாங்கூருக்கு

கோலசிலாங்கூருக்குப் போகிறவர்கள் மின்மினிப் பூச்சி பார்க்கப் போவார்கள். குன்றின் மேல் ஏறிக் குரங்குக்குக் கடலை போடப் போவார்கள். ஆற்றோரக் கடையில் மீன் சாப்பிடப் போவார்கள். நான் ஸ்டீரிங் மோட்டார் மாற்றப் போனேன். அதனால் இதில் மின்மினி கிடையாது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு புக்கிட் பெருந்துங்கில் என் வீட்டு வாசலில் கிளம்பத் தயாரானேன். அதற்கு முன் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு காருக்குள் தலைகீழாகப் படுத்தேன். ஸ்டீரிங் தண்டின் அடியில், கால் வைக்கும் இடத்துக்கு மேலே, தேங்காய் மூடி அளவில் ஒரு மோட்டார் இருக்கிறது. ஸ்டீரிங்கைத் திருப்பும்போது கைக்குப் பலம் கொடுப்பது அதுதான். அதன்மேல் ஒரு பொட்டு வைத்தேன். பழைய மோட்டாரையே கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, மாற்றியாகிவிட்டது என்று காசு வாங்குகிற ஆட்களை எனக்குத் தெரியும். விரலில் மணல்போல் ஏதோ நறநறத்தது. தூசி என்று காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"வொர்க்ஷாப்புக்குப் போறீங்களா, கல்யாணத்துக்குப் போறீங்களா?" என்றாள் மல்லிகா, நகப்பூச்சைப் பார்த்து.

"ரெண்டு எடத்துலயும் ஏமாத்துவானுங்க," என்றேன்.

கார் என் மகள் தர்ஷினியுடையது. புஞ்சாக் ஆலாமில் படிக்கிறாள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை, தினமும் போய் வருகிறாள். போன புதன்கிழமை ஒரு ரவுண்டானாவில் மஞ்சள் விளக்கு எரிந்து ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. இடது பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. இரண்டு கையாலும் தொங்கி இழுத்துத் திருப்பியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளாகச் சொல்லவில்லை. பிசைந்த சோற்றை அவள் வாயில் வைக்காததைப் பார்த்து நான்தான் கேட்டேன். திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. அதற்குள் இந்தக் காரை நம்பி அவளிடம் கொடுக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் ஊர் வொர்க்ஷாப்காரன் தண்டையே முழுதாக மாற்ற வேண்டும், இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி ஆகும் என்றான். காரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கோலசிலாங்கூரில் வெட்டிப்போட்ட கார்களின் சாமான் விற்கிற கடை இருக்கிறது, மோட்டார் மட்டும் நானூற்றைம்பதுக்குக் கிடைக்கும் என்று தொழிற்சாலையில் ஒருவன் சொன்னான். அவனையும் நான் முழுதாக நம்பவில்லை. கமிஷன் இருக்கலாம்.

ரவாங் வரை ஸ்டீரிங் ஒழுங்காக இருந்தது. அதைத் தாண்டி செம்பனைக் காடு தொடங்கியதும் ஒரு வளைவில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மாட்டின் கொம்பைப் பிடித்துத் திருப்புவதுபோல் இருந்தது. அடுத்த வளைவில் தானாகச் சரியாகிவிட்டது. எப்போதும் கெட்டிருக்கிற சாமானைவிட, நினைத்தபோது கெடுகிற சாமான்தான் ஆளைக் கொல்லும்.

எட்டேகாலுக்கு பத்தாங் பெர்ஜுந்தாய். ஊருக்குப் புதுப்பெயர் வைத்து வருடங்கள் ஆகின்றன, யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் இரண்டும் தேநீரும் ஐந்து வெள்ளி. பசியாறிக்கொண்டிருந்தபோது மல்லிகாவின் தம்பி குணா வந்து எதிரில் உட்கார்ந்தான்; அக்கா போனில் சொல்லியிருக்கிறாள். கையில் சோற்றில் வாசனைக்குப் போடுகிற பண்டான் இலைக் கட்டு.

காரை எங்களுக்கு விற்றவன் இவன்தான். ஒன்றரை வருடத்துக்கு முன் ஷா ஆலாம் வீட்டைக் காலி செய்து இங்கே குடிவந்தபோது, "என் பொண்டாட்டி ஓட்டுன காடி மச்சான், மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும்தான் போயிருக்கு," என்று கொடுத்தான். வெளியாளிடம் வாங்கியிருந்தால் நாலு பேரை வைத்துப் பார்த்திருப்பேன். மைத்துனன் ஆயிற்றே என்று எஞ்சின் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. சீட்டுக்கு அடியில் பண்டான் இலையை முடிந்து போட்டிருந்தான். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காய்ந்ததை எடுத்துவிட்டுப் புது இலை வைப்பான். மருமகள் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று மல்லிகா பூரித்துப்போவாள்.

"எதுக்கு மச்சான் அவ்ளோ தூரம்? டயர்ல காத்து கம்மியா இருக்கும். அடிச்சா லேசாயிடும் லா," என்றான்.

"காத்துக்கா மஞ்ச விளக்கு எரியுது?"

"வயசான காடின்னா நாலு விளக்கு எரியத்தான் செய்யும். நமக்கே கண்ணுல பூச்சி பறக்குது."

"சரி, நீ வீட்ல இரு. நான் போயிட்டு வர்றேன்."

"தனியா போனா உன் தலைல கட்டிடுவான். நானும் வர்றேன்."

அக்கறை என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அங்கிருந்து கோலசிலாங்கூர் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஈயம் தோண்டிய குட்டைகள் வெயிலில் பளபளக்கும், பிறகு மறுபடியும் செம்பனைதான். முன்னால் போன லோரியிலிருந்து பழம் உதிர்ந்து ரோட்டில் நசுங்கிக் கிடந்தது. குணா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். கடைக்காரன் எப்படியெல்லாம் ஏமாற்றுவான் என்று பட்டியல் போட்டான். "ஒண்ணு மட்டும் சொல்றேன் மச்சான், டேஷ்போர்டத் திறக்க விடாத. திறந்தா நூறு கோளாறு சொல்லுவான்." அது எனக்கும் சரியென்றே பட்டது.

ஒன்பதரை மணி. கடை டவுனுக்கு வெளியே, தகரக் கொட்டகை. பாதியாக வெட்டப்பட்ட கார்களின் முன்பக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, மீன் கடையில் தலைகளை அடுக்கியதுபோல் இருந்தன. கடைக்காரர் ஆ சியோங், ஐம்பது வயதுச் சீனர். அவர் அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். குணாவைவிட இவர் நல்ல தமிழ் பேசினார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இனிக்கப் பேசுகிறவன் விலையில் கசப்பான்.

ஒரு வெட்டுக் காரின் தண்டிலிருந்து மோட்டாரைக் காட்டினார். நானூற்றைம்பது, மாட்டிக்கொடுக்க எண்பது. "பழசு எனக்கு வேணும். என் கண் முன்னால கழட்டணும்," என்றேன்.

"பாய் போட்டுப் படுத்தே பாருங்க அண்ணே," என்றார்.

குணா கடைக்காரரிடம், "கீழ இருந்தே கழட்டு தவுக்கே, மேல ஒண்ணும் திறக்க வேணாம்," என்றான்.

"கையி போகாது தம்பி. மூடியத் திறக்காம எப்படி?"

திறந்தார். தண்டை இறக்கி மோட்டாரைக் கழற்றி மேசை மேல் வைத்தார். என் பொட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது யாரு வச்சது?"

"நான்தான்."

"எனக்காகவா அண்ணே?"

"உனக்காகத்தான்."

அவர் சிரித்தார். பிறகு மோட்டாரின் பின்மூடியை எடுத்து மேசையில் தட்டினார். காய்ந்த சேறு கொட்டியது. காபித்தூள்போல் ஒரு கைப்பிடி இருக்கும். சிரிப்பு போய்விட்டது. காருக்குள் குனிந்து ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். நாம் யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. உள்ளே சுருண்டே கிடக்கிற அந்தக் கடைசி முழம் செம்மண் நிறத்தில் இருந்தது.

"குளிச்ச காடி அண்ணே இது," என்றார். "வெள்ளத்துல ஸ்டீரிங் வரைக்கும் தண்ணி ஏறியிருக்கு. நீங்க பொட்டு வச்சது தப்பான ஆளுக்கு. யாருகிட்ட வாங்குனீங்க?"

ஷா ஆலாமில் வெள்ளம் வந்த பிறகுதான் குணா வீட்டைக் காலி செய்தான். திரும்பிப் பார்த்தேன். குணா சாக்கடை ஓரமாக எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஆ சியோங்கும் பார்த்தார்.

"மோட்டார மாத்துனா சரியாயிடுமா?"

"ஸ்டீரிங் சரியாயிடும். மத்த ஒயரு உள்ளுக்குள்ள பச்சை பூத்திருக்கும். எது எப்ப போகும்னு சாமிக்குத்தான் தெரியும்."

"உன் மகளா இருந்தா இதுல அனுப்புவியா?"

"என் மகளுக்கு நான் காடியே வாங்கிக் குடுக்கல அண்ணே. நான் பண்ற தொழில் எனக்குத் தெரியும்."

மாற்றச் சொன்னேன். வீடு போய்ச் சேர வேண்டுமே. அவர் மாட்ட வைத்திருந்த மோட்டாரையும் திறந்து காட்டச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாமல் காட்டினார். உள்ளே கிரீஸ் மட்டும்தான். மாட்டியபின் சின்னக் கருவி ஒன்றைச் செருகி, ஸ்டீரிங்கை நேராக வைத்து ஏதோ அழுத்தினார். நடுமையம் எதுவென்று மோட்டாருக்குச் சொல்லிவைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஸ்டீரிங் தானாக ஒரு பக்கம் திரும்புமாம். "இதுக்குத் தனிக் காசா?" என்றேன். இல்லை என்றார். கடைக்கு வெளியே இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஒரு விரலால் திருப்ப முடிந்தது. மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது. ஐந்நூற்று முப்பது வெள்ளி கொடுத்தேன். அன்று காலையிலிருந்து நான் சந்தேகப்பட்டவர்களில் இவர் ஒருவர்தான் சொன்ன விலையை வாங்கினார்.

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். மின்மினிப் படகுக்கு வழிகாட்டும் பலகை வந்தது, போனது. ஸ்டீரிங் லேசாக இருந்ததால் என் கைகளுக்கு வேலையில்லை. பாதி வழியில் குணா வாயைத் திறந்தான்.

"முட்டி அளவுதான் மச்சான் தண்ணி."

"யாரு முட்டி? யானை முட்டியா?"

அதற்குப் பிறகு பத்தாங் பெர்ஜுந்தாய் வரை காருக்குள் பண்டான் இலை வாசம் மட்டும்தான் இருந்தது.

அவன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். போர்ட்டிகோவில் அவனுடைய வெள்ளைக் கார் நின்றது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

"சாவி," என்றேன்.

"என்ன சாவி?"

"உன் காடி சாவி. திங்கக்கிழமை பாப்பா அதுல போவட்டும். நீ இதுல வேலைக்குப் போ."

"அதான் மோட்டார் மாத்தியாச்சே மச்சான். இனிமே ஒண்ணும் ஆவாது லா."

"ஒண்ணும் ஆவாதுன்னா உனக்கு என்ன பயம்? ஓட்டு."

வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். உள்ளே போய் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கழற்றிய மோட்டாரை நாளிதழில் சுற்றி என்னோடு எடுத்துக்கொண்டேன். வெள்ளைக் காரில் உட்கார்ந்ததும் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். இலை எதுவும் இல்லை, மறைக்க வேண்டிய சேற்று வாடையும் இல்லை. பிறகுதான் கிளம்பினேன்.

காலையில் போன அதே ரோடுதான். போகும்போது வழியிலிருந்த ஒவ்வொரு கடைக்காரனையும் திருடன் என்று பார்த்துக்கொண்டு போனேன். திரும்பும்போது ரோட்டை மட்டும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. மல்லிகா கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இது தம்பி காடியாச்சே?"

"ஆமா."

"அப்ப அவன் எத ஓட்டுவான்?"

நாளிதழைப் பிரித்து, சேறு அப்பிய மோட்டாரை அவள் கையில் கொடுத்தேன். சிவப்புப் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது.

"அவன் நமக்கு வித்தத," என்றேன்.