இதுவும் அதுவும்

தொட்டிலுக்குள் தலையை விட்டு அழுதுகொண்டிருக்கிறார் மாடிவீட்டு அண்ணன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வேலைக்குப் புறப்படும் முன் தினமும் இப்படி "ங்ஙா... ங்ஙா..." என்று ஒரு பாட்டம் அழுவார். பிறகு சமையலறை விளக்கு மினுக்குகிறதா என்று எட்டிப் பார்ப்பார். மினுக்கினால்தான் செருப்பில் கால் நுழையும். தொட்டிலுக்குச் சொந்தக்காரி அம்மா இடுப்பில் உட்கார்ந்து அப்பாவை வேடிக்கை பார்ப்பாள்.

அண்ணிக்குக் காது கேட்காது. பகலில் அவரும் கைக்குழந்தையும் மட்டும்தான் வீட்டில். அதற்காகவே அண்ணன் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கணினி வாங்கி, தொட்டிலில் மைக்கைக் கட்டி, பிள்ளை அழுதால் விளக்கு மினுக்கும்படி செய்திருக்கிறார். வாசல் மணிக்கும் அது மினுக்கும். இதையெல்லாம் எங்கே கற்றார் என்று கேட்டேன். "எங்க கத்துக்கிட்டேன், தடவித் தடவி வந்தேன்" என்றார்.

கணினியோடு இரண்டு டிரைவ்கள். மின்சாரம் போய் வந்தால், கணினி விழித்தெழத் தேவையான கோப்புகளை இரண்டில் ஏதாவது ஒன்றிலிருந்து படித்துக்கொள்ளும். ஒன்று மக்கர் செய்தால் மற்றது. ஆகவே இரண்டிலும் ஒரே கோப்புகள் இருக்க வேண்டும். ஒன்றில் திருத்தியதை மற்றதிலும் நகலெடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவில்தான் மனிதர் கிடந்து தவிக்கிறார்.

குழம்பக் கூடாதென்று ஒன்றில் "இது" என்றும் மற்றதில் "அது" என்றும் சீட்டு ஒட்டினாரே, அங்கே ஆரம்பித்தது வினை. ஒட்டிய அன்று அவர் உட்கார்ந்த பக்கத்திலிருந்து அது சரிதான். பிறகு மேசையைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது "அது". எட்டிப் பிடிக்க வேண்டியது "இது".

"எதுண்ணே புதுசு?"

"அதுதான். அதாவது, இது. இரு, முதல்லேர்ந்து வர்றேன்."

அவர் முதலிலிருந்து வந்து சேர்வதற்குள் நான் குழம்பியிருப்பேன். அண்ணிக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவருடைய கைப்பேச்சில் "இது" என்றால் விரல் பொருளையே காட்டிவிடும். சீட்டு எதற்கு என்று பலமுறை கேட்டுவிட்டார்.

போன வாரம் ஒரு டிரைவ் படுத்துவிட்டது. பிள்ளை பிறப்பதற்கு முந்தைய பழைய டிரைவைத் தேடியெடுத்து, செத்ததன் சீட்டை அதில் ஒட்டி மாட்டினார் அண்ணன். வாசல் மணிக்கு மட்டும் செய்தது அது. மைக்கை எழுப்பும் நிரல் வரி அதில் கிடையாது. "இதுலேர்ந்து அதுக்கு" என்று முணுமுணுத்தபடி நகலெடுத்தார். பழையது புதியதன்மேல் போய் உட்கார்ந்தது. இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன, அதில் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை அழுது பார்த்தார், விளக்கு மினுக்கியது. முன்பே விழித்திருந்த கணினிக்கு இந்த மாற்றம் தெரியாதல்லவா? மதியம் மின்சாரம் போய் வந்தது. அப்புறம் மாடியில் பிள்ளை வீறிட்டு அழுவது எனக்குக் கேட்டது. நிற்கவே இல்லை. ஓடிப்போய் மணியை அடித்தேன். மணிக்கு விளக்கு மினுக்கியிருக்கிறது. அண்ணி ஈரக்கையோடு சிரித்தபடி கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தொட்டிலுக்கு ஓடினார். பிள்ளைக்குக் குரலே கம்மிப் போயிருந்தது. அண்ணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து அண்ணி விளக்கை நம்புவதில்லை. பாதி வேலையில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வந்து தொட்டிலைப் பார்க்கிறார்.

இன்று அண்ணன் விடுப்பு. "எந்த வரின்னே ஞாபகம் வரல. ரெண்டுலயும் தொலைச்சுட்டேன்" என்று எழுதி எழுதி அழிக்கிறார். தொட்டிலில் ஒரு சிணுங்கல். கணினியை அப்படியே விட்டு எழுந்தார். பிள்ளையைத் தூக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கூடத்துச் சுவரில் இருக்கும் சமையலறை விளக்கின் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு போட்டார், அணைத்தார், போட்டார், அணைத்தார்.

அண்ணி வந்தார். சுவிட்சின் மேலிருந்த கையைப் பார்த்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்குப் போய், "இது" என்ற சீட்டை நகத்தால் உரித்து, அண்ணனின் சட்டைப்பையில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.