லாச்சிக்குள் இருந்த கடிதம்

என் சித்தப்பாவை எங்கள் வீட்டைவிட்டு அனுப்பியது ஜேர்மன் அரசாங்கம் அல்ல. நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. நான் செய்தது வீரச்செயல் என்று இரண்டு மணித்தியாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மார்க் நாணயம் போய் யூரோ வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. டோர்ட்மண்ட் நகரின் வடக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நகரசபைப் பதிவில் அப்பா, அம்மா, நான், தம்பி என்று நான்கு பேர். ஐந்தாவது ஆள் சித்தப்பா. அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. கிழக்கே எங்கோ ஒரு சிற்றூர் முகாமில் அவர் இருந்திருக்க வேண்டும். அந்த ஊரைவிட்டு வெளியே வரவும் அனுமதி இல்லை. ஆனால் அவர் எங்கள் குசினியில் இருந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். “ஆர் கேட்டாலும் விருந்துக்கு வந்தவர் எண்டு சொல்லு” என்று அப்பா எனக்குப் பாடமாக்கியிருந்தார். எட்டு மாதம் நீளும் விருந்து எங்கே உண்டு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் அவர் சொல்லித் தரவில்லை.

எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், எண்பது வயது தாண்டிய ஜேர்மன்காரி ஒருவர் தனியாக இருந்தார். வீட்டில் அவருக்குப் பெயர் ‘கீழ்வீட்டு மனுசி’. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் எங்களோடு பேசியதைவிட எழுதியதே அதிகம். சப்பாத்தைப் படியில் விடவேண்டாம் என்று, எங்களுக்கும் விளங்கும்படி பெரிய அச்செழுத்தில், ஒரு துண்டு வரும். படி கழுவும் முறை உங்களுடையது என்று இன்னொன்று. மாரி காலத்தில் ஒருநாள் வந்த துண்டில், ‘பகலில் உங்கள் தரை சத்தம் போடுகிறது’ என்று இருந்தது. அப்பா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “உந்த மனுசியில கவனமா இருக்கவேணும்” என்றார். பகலில் அப்பா, அம்மா வேலையில், நாங்கள் பள்ளிக்கூடத்தில். தரையில் நடக்கக்கூடியவர் ஒருவர்தான்.

அந்த வசந்தத்தில் கீழ்வீட்டு மனுசி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வைத்தியசாலையிலிருந்து வந்தபின் படியிறங்க முடியவில்லை. அம்மா, அப்பாவின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல், கடைக்குப் போகும் வேலையை எனக்குத் தந்தார். “தனிச்ச மனுசி. நீ ஓடிப்போய் வாங்கிக் குடுத்துட்டு வா. கதை குடுக்காத.”

பிரச்சினை அவருடைய சாமான் துண்டில் இருந்தது. அது எழுத்து மாதிரியே இல்லை; கம்பி வேலியைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல் இருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பள்ளியில் படித்த பழைய ஜேர்மன் கையெழுத்து அது. முதல் நாள் அவரே பொறுமையில்லாமல் வாசித்துக் காட்டினார். நான் கடையில் பால் பெட்டியில் அச்சடித்த சொல்லையும் துண்டில் இருந்த சொல்லையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு வெண்ணெயை, சவர்க்காரத்தை, கடுகை. அவருடைய ‘e’ எங்கள் பள்ளிக்கூடத்து ‘n’ போல இருந்தது. இப்படியே ஒரு மாதத்தில், யாரும் சொல்லித் தராமல், சாமான் சாமானாக அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். வகுப்பில் வேறு எந்தப் பிள்ளைக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் கால் நிலத்தில் படவில்லை.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம், துண்டு எழுதும்போது அவருடைய பென்சில் முறிந்தது. குசினி மேசை லாச்சியில் வேறு இருக்கும், எடுத்து வா என்றார். லாச்சியை வெளியே இழுத்துத் திறந்தேன். பென்சில்களுக்கும் நூல்பந்துக்கும் அடியில், அந்த வீட்டில் எல்லாவற்றையும்போலப் பழுப்பேறிய, மடித்த தாள் ஒன்று கிடந்தது. எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடமுடியாத நோய் எனக்கு அப்போது முற்றியிருந்தது. விரித்தேன். அதே கம்பி வேலி, ஆனால் மையால், கவனமாக எழுதப்பட்டிருந்தது. அரசாங்கக் கந்தோருக்கு எழுதுவதென்றால் யாரும் பென்சிலால் எழுதமாட்டார்கள்தானே என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். முதல் வரியிலேயே ‘எங்கள் மேல்வீட்டில்’ என்று இருந்தது. தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பென்சிலைக் கொடுத்து, சாமானை வாங்கிக் கொடுத்துவிட்டு, மூச்சுவாங்க மேலே ஓடினேன்.

அப்பா காலைவேலை முடிந்து வந்திருந்தார். மேசையைச் சுற்றி எல்லாரும் நிற்க, நான் எழுத்துக்கூட்டித் தமிழில் சொன்னேன். எங்கள் மேல்வீட்டில் பதிவில்லாத ஆண் ஒருவன் இருக்கிறான். பகலில் வெளியே வருவதில்லை. காலடிச் சத்தம் கேட்கிறது. அந்தப் பெண் ஓராளுக்கு மிஞ்சிய சாப்பாடு தேடுகிறாள். என் கடமை என்பதால் அறியத் தருகிறேன். நடுவில் சில சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. கடுகிலும் சவர்க்காரத்திலும் இல்லாத எழுத்துகள் அவற்றில் இருந்தன. கடைசியில் தனியாக நின்ற இரண்டு சொற்களை, கடித முடிவில் எல்லாரும் எழுதும் வணக்கம்தானே என்று வாசிக்காமலே விட்டேன்.

“வடிவா வாசிச்சனியே?” என்று அப்பா கேட்டார்.

“ஓம்.”

சித்தப்பா கையிலிருந்த கத்தியைக் கழுவி வைத்தார். “நான் போறன் அண்ணி. என்னால உங்கட விசாவுக்கும் கரைச்சல் வரக்கூடாது” என்றார். அம்மா தடுத்தார். அப்பா தடுக்கவில்லை, கைத்தொலைபேசியில் ஹம்பேர்க்கில் இருந்த நண்பரைக் கூப்பிட்டார். அரைமணித்தியாலத்தில் சித்தப்பாவின் வாழ்க்கை ஒரு தோள்பைக்குள் அடங்கிவிட்டது. என் தலையைத் தடவி, “கெட்டிக்காரி” என்றார். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் காலுறையோடு படியிறங்கினார். இரண்டாம் மாடியைக் கடக்கும்போது அவர் சுவரோடு ஒட்டி நடந்ததை மேலே கைப்பிடியில் சாய்ந்து பார்த்தேன்.

அவர் போனதும் அம்மா தாளை எடுத்தார். “இனி என்ன, பேசாமல் இரு” என்றார் அப்பா. “கேக்காமல் இருக்க ஏலாது. எட்டு மாசம் அவவின்ர தலைக்கு மேல நடந்திருக்கிறம். என்ன செய்தனாங்கள் எண்டு கேக்கப்போறன்” என்று சொல்லி, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். அம்மாவின் ஜேர்மன் வேலைத்தலத்துக்கு மட்டும் போதுமானது, மொழிபெயர்ப்புக்கு நான்.

கீழ்வீட்டு மனுசி தாளைக் கண்டதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதை வாங்கி முழங்காலில் வைத்து, மடிப்பை விரலால் நீவினார். பிறகு என்னிடம், “இதன் கடைசி இரண்டு சொல்லையும் வாசித்தாயா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வாசித்துக் காட்டினார். ஹிட்லரின் பெயரால் சொல்லப்படும் வணக்கம் அது. பத்து வயதுப் பிள்ளைக்கும் அது எந்தக் காலம் என்று விளங்கியது. கடிதத்துக்கு அறுபது வயது.

“இதை எழுதியது நானில்லை. என் அம்மா” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குச் சொன்னேன். ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போயிருந்ததால் இருபத்திரண்டு வயதில் அவரைத் தபால் பிரிக்கும் வேலைக்கு எடுத்தார்களாம். இரகசியப் பொலிசின் விலாசத்துக்கு நாள்தோறும் கடிதம் வரும். அரசாங்கக் கடிதங்கள் தடித்தவை. அனுப்பியவர் பெயர் இல்லாமல், மெல்லியதாக வருபவை அயலவர்களைப் பற்றியவை. மேற்பார்வையாளர் அங்கால் திரும்பும்போது அவற்றில் ஒன்றிரண்டைச் சட்டைக்குள் செருகி, வீட்டு அடுப்பில் திறக்காமலே போடுவாராம். பிடிபட்டிருந்தால் கழுத்துத் தப்பியிராது. வேறு யாருக்கும் தெரியாது, ஒருவரும் கேட்டதுமில்லை.

ஒருநாள் உறையில் இருந்த கையெழுத்து அவருடைய அம்மாவினுடையது. அதை மட்டும் திறந்தார். அப்போது அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு மேலே ஒரு தையல்காரப் பெண் இருந்தார். அவர் ஒரு யூதரை ஒளித்து வைத்திருந்தார்.

“அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு இரவும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். பொலிஸ் ஏன் வரவில்லை என்று அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு இன்னொன்று எழுதினார். அதையும் எடுத்தேன்.”

தையல்காரியிடமும் நேரே சொல்லப் பயம். படியில் கண்டபோது, “பகலில் உங்கள் தரை சத்தம் போடுகிறது” என்று மட்டும் முறைப்பாடுபோல் சொன்னாராம். அடுத்த நாளே மேலே விரிப்புப் போட்டுவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு எங்களைக் கண்டிப்போடு பார்த்தார். “உங்களுக்கும் எழுதினேன். நீங்கள் விரிப்புப் போடவில்லை.”

அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒளிந்திருந்த அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று அறியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டேன். போர் முடிந்த வசந்தத்தில் ஒரு பகல்வேளை அவர் படியிறங்கி வந்தாராம். வாசலைக் கூட்டிக்கொண்டு நின்ற, கடிதம் எழுதிய அந்த அம்மாவுக்கு வணக்கம் சொன்னாராம். அந்த அம்மாவும் வணக்கம் சொல்லிவிட்டு, அவர் கடந்து போக விளக்குமாற்றை ஒதுக்கிப் பிடித்தாராம். அவ்வளவுதான்.

சித்தப்பா திரும்பி வரவில்லை. அப்பா அடுத்த நாளே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார். ஆனால் ஹம்பேர்க்கில், புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையொன்றில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. சில வருடங்களுக்குப் பிறகு விசாவும் கிடைத்தது. கலியாண வீடுகளில் என்னைக் கண்டால், “என்ர உயிரைக் காப்பாத்தின பெட்டை” என்று சிரிப்பார். அது பகிடியா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆனால் அன்று அந்த அறையில் நடந்தது அத்தோடு முடியவில்லை. எழும்பப்போன அம்மா மறுபடி கதிரையில் இருந்தார். “ஒண்டு கேள் பிள்ளை. எடுக்க ஏலாமல் போன கடிதங்களும் இருந்ததோ?”

நான் கேட்டேன். கீழ்வீட்டு மனுசி முழங்காலில் இருந்த தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். “இருந்தன” என்றார். “மேற்பார்வையாளர் பின்னால் நின்ற நாட்களில் எல்லாவற்றையும் போகவிட்டேன். உள்ளே யாருடைய பெயர் இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் கையால்தான் போயின.” பிறகு, மக்கள் அப்படி எழுதியதைக் குறிக்கும் ஒரு ஜேர்மன் சொல்லைச் சொன்னார். எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத சொல். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அம்மாவிடம் திரும்பி, “சொல்லிக் குடுக்கிறது, அம்மா. வகுப்பில ரீச்சரிட்டச் சொல்லிக் குடுக்கிறமாதிரி” என்றேன்.

“அதில்லை” என்றார் அம்மா. “காட்டிக் குடுக்கிறது.” சொல்லிவிட்டுக் கீழ்வீட்டு மனுசியின் கையைப் பிடித்தார். என்னை மேலே போகச் சொன்னார். மொழிபெயர்க்க ஆளில்லாமல் இருவரும் இருட்டும்வரை அங்கே இருந்தார்கள்.

ஊரில் அம்மாவின் அண்ணனை ஆமி பிடித்துப்போனது எனக்குத் தெரியும். எந்த வீடு என்று ஆமிக்குக் கைநீட்டியவர் அயலவர் ஒருவர் என்பது தெரியவர, எனக்கு இன்னும் ஏழு வருடம் இருந்தது. அன்று நான் மேலே போய், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடக் கொப்பியைத் திறந்து, புதுச்சொற்கள் பக்கத்தில் அம்மா சொன்ன அந்தச் சொல்லை வடிவான எழுத்தில் எழுதினேன். எங்கே படித்தாய் என்று ரீச்சர் கேட்டால், அம்மாவிடம் என்று பெருமையாகச் சொல்வதாக இருந்தேன். அம்மா எங்கே படித்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.