பதிமூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு டாக்டர்

போன பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் ஒரு மனநல டாக்டரைப் பார்க்கப் போனேன். எனக்காக இல்லை... அவசரப்பட்டு சந்தோஷப்படாதீர்கள். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஏகாம்பரத்துக்காக.

மனைவி இறந்த பிறகு ஏகாம்பரம் தினமும் கிரிவலம் போகிறான். வெறுங்காலோடு. பாதத்தில் புண். சர்க்கரை மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம். கேட்டால் ஒரே பதில்தான் — "மலை பாத்துக்கும்."

அப்பாவின் காலையே எடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று மகன் பிரபுவுக்குப் பயம். சென்னையிலிருந்து எனக்கு அடிக்கடி போன் செய்வான். "அங்கிள், இது பக்தி இல்ல, வியாதி. நீங்களும் கூட வாங்க." நானும் ஆமாம் என்றேன்.

ஆன்லைனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து வந்த பிரபு காலண்டரைப் பார்க்கவில்லை. பௌர்ணமியில் கிரிவலப் பாதையில் ஆட்டோ ஏது? அடி அண்ணாமலையில் இருக்கும் ஏகாம்பரம் வீட்டிலிருந்து கிளினிக் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் பின்பக்கமாக, கூட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டும்.

"மலைய இடமா சுத்தக் கூடாதுடா" என்றான் ஏகாம்பரம். வலமாகப் போனால் பதிமூன்று கிலோமீட்டர்.

"பாத்தீங்களா அங்கிள், இதைத்தான் சொன்னேன்."

வேறு வழி? நடந்தோம். எங்களோடு ஆயிரக்கணக்கானவர்கள் அதே பக்கமாக நடந்தார்கள். அவர்களை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லையே... மாதம் ஒருமுறை என்றால் பக்தி, தினமும் என்றால் வியாதியா? கோட்டை எங்கே போடுவது?

ஒன்பதாம் வகுப்பில் கட் அடித்துவிட்டு இதே பாதையில் ஒரே சைக்கிளில் சுற்றியிருக்கிறோம். ஆளே இருக்காது. இருபக்கமும் புளியமரங்கள். உதிர்ந்த பழத்தைச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து விசிலடித்தபடி வருவான் ஏகாம்பரம்.

"அப்பல்லாம் இடமாதானேடா சுத்துனோம்?" என்றேன்.

"அப்ப ஓட்டுனது நீ. பாவம் உன் கணக்குல" என்று சிரித்தான். புத்தி பேதலித்தவன் இப்படிச் சிரிப்பானா?

டாக்டர் இளம்பெண், உள்ளூர்க்காரர். நாலு மணி நேரம் தாமதமானதற்குக் கோபப்படவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "ஐயா, மாத்திரை போட்டா மலை கோச்சுக்குமா?" என்றார்.

"அது ஏம்மா கோச்சுக்கப் போவுது?"

"அப்ப ஏன் நிறுத்துனீங்க?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்துச் சொன்னான். "அவதான் எடுத்துத் தருவா. எது காலைல, எது ராத்திரின்னு எனக்குத் தெரியாதும்மா."

"என்கிட்ட கேக்கக் கூடாதாப்பா?" பிரபுவின் குரல் உடைந்தது.

"நீ வேலையா இருப்பியேன்னு..."

டாக்டர் பக்தியை வியாதி என்று எழுதவில்லை. துக்கம் என்றார், சர்க்கரை என்றார். புண் ஆறும்வரை வாசலில் நின்றே மலையைக் கும்பிடச் சொன்னார். ஏகாம்பரமும் சரி என்றான்.

இவனுக்கு என்ன வியாதி என்று ஆறு மாதம் போனில் பேசினோம், பிரபுவும் நானும். இவனோடு யார் பேசினோம்?